லாரித் தையல்

பிளேடின் முனை ஒரு தையலுக்கு அடியில் நுழைந்து நூலை மட்டும் அறுத்தது. துணியில் படவில்லை. இடது கைக் கட்டைவிரல் அறுந்த நூலை நிமிண்டி எடுத்தது; பிளேடு அடுத்த தையலுக்குப் போனது. பதினெட்டு அடி நீளத் தையல். இன்னும் ஒரு முழம்கூடப் பிரியவில்லை.

"என்னண்ணே இது? தைக்கிற ஆளைப் பார்த்திருக்கேன். தைச்சதையே பிரிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான் கமால்.

லாரி மாவ்பி சோதனைச் சாவடி வரிசையில் நின்றது. அது கமாலின் லாரி. பியே நகரத்துக் கடை ஒன்றுக்கு அரிசி ஏற்றிப் போகிறான். அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தவர் துரைசாமி. ஷ்வேப்யிதாவில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். பர்மியர்கள் அவரை ஊ தெய்ன் என்று கூப்பிடுவார்கள்.

"தப்பாத் தைச்சிட்டேன்" என்றார்.

"நீங்களா?"

துரைசாமி அடுத்த தையலை அறுத்தார். கால் மணி நேரத்துக்கு முன்பு தூறல் விழுந்தபோது, மூட்டைகளை மூட அவர் கொண்டுவந்திருந்த புதுத் தார்ப்பாயை விரிக்கச் சொன்னவனே கமால்தான். விரித்த பிறகுதான் அவர் பார்த்தார். சரிந்து வந்த தண்ணீர் ஐந்தாவது தையலில் நின்றது. பிறகு உள்ளே போனது.

அவருக்கு யாரும் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. பதினாறு வயதில் லத்தா சந்தையில் மூட்டை தூக்கியபோது, கிழிந்த தார்ப்பாய்களை வாங்கிவந்து பிரித்துப் பார்த்தார். எந்தத் துண்டு மேலே, எந்தத் துண்டு கீழே, மூலையை எப்படி மடித்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தானே தைக்கப் பழகினார். லாரித் தார்ப்பாயில் முன்துண்டு எப்போதும் பின்துண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும். இல்லையென்றால் எதிர்க்காற்று தையலுக்குள் புகுந்து கிழித்துவிடும். நாற்பது ஆண்டுகளில் அவர் தைத்த ஒரு பாயும் காற்றில் கிழிந்ததில்லை.

தங்கை சீதை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். டின் அவுங் என்ற படகுக்காரரைக் கட்டிக்கொண்டு ஐராவதிக் கரைக்குப் போனவள். போன வருடம் ஆறு கரையை அறுத்துக்கொண்டு போனபோது அவர்கள் வீடும் போயிற்று. ஊரே மேட்டில் முகாம் போட்டது. துரைசாமி பதினெட்டு அடியில் ஒரு தார்ப்பாய் தைத்து பஸ்ஸில் போட்டு அனுப்பினார். ஆடி மழையில் சீதைக்கு இருமல் வந்தது. ஒரு மாதம் இருமி இறந்துபோனாள். பாலம் உடைந்திருந்ததால் அவரால் போக முடியவில்லை. ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவு படைத்ததை யாரோ போனில் படம் பிடித்து அனுப்பினார்கள்.

அந்தப் படத்தில்தான் வாளிகளைப் பார்த்தார். கூடாரத்தின் ஒரு பக்கத்தில், கட்டிலை ஒட்டி, நான்கு வாளிகள் ஒரே வரிசையில். அவருடைய தையலுக்கு நேர் கீழே.

லாரிக்கு ஒரு திசைதான். கூடாரத்துக்கு முகடு உண்டு, இரண்டு சரிவு உண்டு. ஒரு சரிவில் அவர் தையல் ஓட்டு வரிசைபோலத் தண்ணீரைக் கீழே தள்ளியது. மறு சரிவில் அதே தையல் வாயைத் திறந்து தண்ணீரை வாங்கிக்கொண்டது. இது யாருக்கும் தெரிந்திருக்காது. பார்த்த நொடியில் அவருக்குத் தெரிந்தது.

முகாமுக்குக் கொண்டுபோகும் இந்தப் புதிய பாயில் நடுத்துண்டை மேலே வைத்து, ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் ஏறும்படி இரண்டு பக்கமும் இறங்கித் தைத்தார். இரவெல்லாம் யோசித்துத் தைத்தும் ஐந்தாவது தையலில் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டிருந்தது.

லாரி மாவ்பியைத் தாண்டியது. சாலை முழுக்கப் பள்ளம். ஓடும் வண்டியில் ஊசி பிடிக்க முடியாது. அதனால் வண்டி ஓடும்போது பிரித்தார், நின்றபோது தைத்தார். தாராவதிக்கு முன்னால் தையல் முழுவதும் பிரிந்தது. அதன்பின் வண்டி நிற்காதா என்று இருந்தது அவருக்கு. சாவடிகளில் நீண்ட வரிசையைக் கண்டால் கமால் திட்டினான். அவர் நூலில் மெழுகு தேய்த்தார்.

மதியம், மீன்குழம்பில் சேமியா போட்டுத் தரும் மொஹிங்கா கடையில் கமால் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அவருக்கு ஒரு கிண்ணம் மேலே எடுத்துவந்தான்.

"சாப்பிட்டுத் தைங்கண்ணே. ஊசியையா சாப்பிடப் போறீங்க?"

"கடைசிச் சாவடி கேட்டை எத்தனை மணிக்கு மூடுவான்?"

"ஆறு. அதுக்குள்ள போகலேன்னா ராத்திரி உங்க பாய்க்குள்ளதான் ரெண்டு பேரும் படுக்கணும். ஒழுகாதுல்ல?"

சீதை மழையில் இருமி இறந்தது அவனுக்கும் தெரியும்; சொன்ன பிறகுதான் கமாலுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. துரைசாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் தைக்கிறேன்" என்றார்.

பியேயில் அரிசியை இறக்கிவிட்டுக் கமால் அவரை ஆற்றோரமாக இன்னும் பன்னிரண்டு மைல் கொண்டுபோனான். கேட் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது கடந்தார்கள். முகாமில் நாற்பது கூடாரம் இருக்கும். கீழே ஆறு செம்மண் நிறத்தில் அகன்று கிடந்தது. மேற்கே மழை கட்டியிருந்தது.

இன்னும் இரண்டு அடித் தையல் பாக்கி. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் உட்கார்ந்து தைத்தார். டின் அவுங் வந்து பக்கத்தில் நின்றார். வெற்றிலை மென்றுகொண்டு, ஊசி போய் வருவதையே பார்த்தார்.

கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் துரைசாமி சொன்னார்: "அந்தப் பழைய பாய்... ஒரு பக்கம்..."

"தெரியும், அக்கோ." டின் அவுங் சீதையிடம் கற்ற தமிழில், அண்ணனை 'அக்கோ' என்று பர்மியம் கலந்து பேசினார். "முதல் மழையிலேயே அவளுக்குத் தெரியும். தையலைத் தடவிப் பார்த்தா. 'எங்கண்ணன் லாரிக்குப் பாய் தைச்சு அனுப்பிருக்கு. இந்த வீடு எப்பக் கிளம்பும்?' அப்படின்னு சிரிச்சா."

"என்கிட்ட சொல்லலையே."

"சொல்லக் கூடாதுன்னா. 'அண்ணனுக்குத் தெரிஞ்சா ஊசியைத் தொடாது' அப்படின்னா."

துரைசாமி ஆற்றைப் பார்த்தார். "கட்டிலை அந்தப் பக்கம்தான் போட்டிருந்தீங்களா?"

"ஒழுகாத பக்கம் அடுப்பு" என்றார் டின் அவுங். "எல்லாக் கூடாரத்திலயும் மழை பெஞ்சது, அக்கோ" என்றார்.

முதல் துளிகள் படகின் முதுகில் விழுந்தன. துரைசாமி பாயை மடித்தார். நடுத்துண்டு மேலே தெரியும்படி மடித்தார். அதன் இரு நுனியிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இது என்ன?" என்று டின் அவுங் அதைத் தொட்டார்.

"இது முகடு. இந்த நூல் உச்சியில வரணும். மாத்திக் கட்டிராதீங்க."

டின் அவுங் விரலை நடுத்துண்டிலிருந்து தொடங்கித் தையல் தையலாக, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை கீழே இறக்கிப் பார்த்தார். ஐந்தாவது தையலில் பழைய ஊசித் துளைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன போலும், கை நின்றது. துளைகள் எல்லாம் மெழுகு வைத்து அடைக்கப்பட்டிருந்தன. அவர் தலையாட்டினார்.

துரைசாமி பாயை நீட்டினார். டின் அவுங் மென்றதைத் துப்பிவிட்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, பர்மியர்கள் பெரியவர்களிடம் வாங்குவதுபோல அதை வாங்கிக்கொண்டார்.