கஞ்சி போட்ட நீளக் கை

சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்த்த வீட்டில் பிறந்த சண்முகவள்ளி, திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தின் டான்ஸ் டீச்சர். ஆட்டம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். 2004-இல் கேபிளில் தற்செயலாக ஒரு சீன நடனத்தைப் பார்த்தாள். விரலையும் தாண்டி முழம் முழமாக நீளும் சட்டைக்கை. வீசினால் ஓடுகிறது, இழுத்தால் மணிக்கட்டில் வந்து அடங்குகிறது. பாவிமகள், அன்றைக்கே மயங்கிப்போனாள்.

தேடிப் படித்தாள். அந்தக் காலத்தில் அரண்மனையில் ஆடியதாம். பிறகு வழக்கொழிந்து, நாடக மேடையிலும் குகைச் சுவர் ஓவியங்களிலும் துண்டு துண்டாக மிஞ்சியதாம். ஐம்பதுகளில்தான் அதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, தங்கள் சண்டைக் கலையையும் கலந்து, மறுபடி ஆட்டமாக்கினார்களாம்.

“அவுக சுவத்தப் பாத்துக் கத்துக்கிட்டாக. நாம டிவியப் பாத்துக் கத்துக்குவோம்” என்றாள் பிள்ளைகளிடம். பட்டுக்கு எங்கே போவது? மல் துணியில் நீளக் கை தைத்தாள்.

தாளாளர் ராயப்பராஜுக்கு இது ரசிக்கவில்லை. பெற்றோர் கேட்பது சினிமாப் பாட்டு.

“ஆண்டு விழாவுல இது எடுபடலைன்னா, அடுத்த வருசம் டான்ஸ் கிளாஸே கெடையாது டீச்சர்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இதற்கு அவளைவிட அதிகம் கவலைப்பட்டது அவள் வீட்டுக்காரர் பொன்னழகுதான். இஸ்திரிக் கடைக்காரர். ஆட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது, மனைவி கண் கலங்கினால் மட்டும் தாங்காது. பரதநாட்டிய விசிறி மடிப்புக்குச் செய்வதுபோலவே, அவளுக்குத் தெரியாமல் அத்தனை உடைக்கும் கஞ்சி போட்டுத் தேய்த்து, மொடமொடவென்று விழாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளைகள் உடுத்திக்கொண்டு கையை வீசிப் பார்த்தார்கள். நீளக் கை தகரம்போல் விறைத்து நின்றது.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீக!”

“வெறப்பா இருந்தாத்தான எடுப்பா இருக்கும்னு…” அவர் முகம் செத்துப்போனது.

திட்ட நேரமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் குழாயடியில் உட்கார்ந்து கஞ்சி போக அலசினார்கள். காயவைக்கவும் நேரமில்லை. பிழிந்த ஈரத்தோடு பிள்ளைகள் மேடையேறினார்கள்.

முதல் வீச்சிலேயே தண்ணீர் தெறித்து, முன்வரிசையில் இருந்த ராயப்பராஜின் கண்ணாடியில் விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனால் ஈரத்துணியின் கனம் வாகாகிவிட்டது. கைகள் உயர்ந்து, வளைந்து, நிதானமாக இறங்கின. சிரித்தவர்கள் வாய் மூடவில்லை, ஆனால் சத்தம் வரவில்லை. முடிந்ததும் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டார்கள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ராயப்பராஜ் மேடைக்குப் பின்னால் வந்தார். பொன்னழகு தூணோடு ஒட்டிக்கொண்டார்.

“அடுத்த வருசம் என்ன டான்ஸ், டீச்சர்?”

“இதேதான் சார்.”

“சரி. முன்வரிசைக்கு மட்டும் குடை குடுத்துருங்க.”

அவர் போனதும் பொன்னழகு மெல்ல வந்து, “அப்ப அடுத்த வருசமும் கஞ்சி போட்டுறட்டா?” என்றார், நிஜமாகவே.

சண்முகவள்ளிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“போடுங்க. அலசவும் நீங்கதான் வரணும்.”