ஒரே பல்பும் பதினொரு குஞ்சுகளும்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு. கூரை வீட்டுக்கு ஒரு விளக்கு என்று இலவசமாகக் கொடுத்த கனெக்ஷன். நாற்பது வாட். அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தைக் கர்த்தர் மன்னித்திருப்பார் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

கனெக்ஷன் வந்தது முந்தின வருஷம். வந்த டிசம்பரிலேயே வாசலில் காகித நட்சத்திரம் கட்டி, உள்ளே அந்தப் பல்பை எரியவிட்டேன். வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் தெருவில் அப்போது நட்சத்திரம் எரிந்தது நாலே வீட்டில். எனக்குத் தலை கனத்துவிட்டது. பண்டிகை முடிந்ததும் சபைக் கமிட்டியில் எழுந்து, "இனிமே நட்சத்திரம் எரியற வூட்டுக்கு மட்டும் கேரல் பாடப் போனா போதும். இருட்டு வூட்டாண்ட போய் எருமை மேல வுழறோம்" என்றேன். எட்டாவது படித்தவன் பேச்சை அப்படியே சட்டமாக்கிவிட்டார்கள். எருமை மேல் விழுந்தது ஒரே ஒரு ஆள்தான், அதுவும் நான்தான்.

அடுத்த டிசம்பரில், பழைய பிளாஸ்டிக்குக்கு மாற்றாக, சைக்கிள்காரன் சாயம் போட்ட கலர் கோழிக்குஞ்சு கொண்டுவந்தான். ரோஸ், பச்சை, மஞ்சள். என் மனைவி ஓட்டை பக்கெட்டையும் உடைந்த பிளாஸ்டிக் குடத்தையும் போட்டுப் பதினொன்று வாங்கினாள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள். முன்பு இரண்டு தடவை வாங்கியவை பனியில் விறைத்து ஒரு வாரம் தாண்டவில்லை. ஒவ்வொன்றாக அவளே புதைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா வேலிமேல் கை வைத்து, "இன்னாடி, இந்த வருசமும் கல்லறைத் தோட்டம் போடப் போறியா?" என்றாள். என் மனைவி நேராக என்னிடம் வந்தாள்.

"இதுங்கள்ல ஒண்ணுகூட சாவக் கூடாது. பல்பைக் கூண்டுக்குக் குடுங்க."

சட்டம் போட்டவன் வீடே நட்சத்திரம் இல்லாமல் இருப்பதா? யோசித்தேன். பின்பக்கம், பலகைப் பெட்டியை உடைத்துச் செய்த கூண்டு வரைக்கும் வயரை இழுத்தேன். கூண்டின் மேல் நட்சத்திரத்தைத் தாழக் கட்டி, அடித்தாளைக் கிழித்து, அந்த வழியாகப் பல்பை உள்ளே இறக்கினேன். மேலே வெளிச்சம் ஆண்டவருக்கு, கீழே சூடு குஞ்சுகளுக்கு. நாங்கள் சிம்னி விளக்கில் சாப்பிட்டோம். ஆறு நாள் ஆகியும் ஒன்றும் சாகவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம், விளக்கு வைத்த நேரத்துக்கு, கேரல் வந்தது.

"ண்ணா, உன் வூடே இருட்டா கீதே. நீ போட்ட சட்டந்தான், நாங்க கெளம்பறோம்" என்று டிரம் அடிப்பவன் சிரித்தான்.

"பின்னாடி வாங்கப்பா, எரியுது."

வந்து பார்த்தார்கள். கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கேரல் உனக்கா, கோழிக்கா?" என்றார்.

"வூடுன்னா வாசல். கூண்டு வூட்டுல சேராது" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"ஆண்டவரே மாட்டுக் கொட்டாய்லதானே பொறந்தாரு" என்றான் டிரம்காரன்.

"அது மாடு. கோழிக்கு வசனம் எங்க கீது?"

"பேதுருவுக்கு சேவல் கூவுச்சே."

"ஆண்டவரைத் தெரியாதுன்னு அவரு மறுதலிச்சப்ப கூவுச்சு. அத்தப் போய் நல்ல நாள்ல இழுக்கறியே."

பனியில் நின்றபடி கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. பல்பும் நட்சத்திரமும் வாசலுக்கு வர வேண்டும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு திருப்பிக்கொள்ளலாம். நான் மறுத்திருக்கலாம். சட்டம் என்னுடையது என்ற கர்வம் விடவில்லை. துண்டைச் சுற்றிப் பல்பைக் கழற்றியும் விரலைச் சுட்டது; நட்சத்திரத்தோடு வாசலில் மாட்டினேன். என் மனைவி பதினொன்றையும் முந்தானையில் வாரிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

பாட்டு சீக்கிரம் முடிந்தது. கூட வந்திருந்த சபை உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்தார். சபைக்காக, ஊருக்காக, மழைக்காக, ஓரகடம் ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்களுக்காக, வடதேச மிஷனரிகளுக்காக. முந்தானைக்குள் குஞ்சுகள் கத்தின. சத்தம் அமுங்க, உபதேசியார் குரலை உயர்த்தினார். கடல் கடந்த தேசங்களுக்குப் போய்விட்டார்.

"ஐயா, ஆமென் சொல்லிடுங்க. குஞ்சு வெறைக்குது" என்றாள் என் மனைவி.

 முதலில் கிறிஸ்மஸ் தாத்தா ஆமென் என்றார். எல்லோரும் சொன்னார்கள். உபதேசியார் கடைசியாகச் சொன்னார்.

பல்பைக் கூண்டில் மாட்டினேன். பச்சைக் குஞ்சு ஒன்று கழுத்து தொங்கிக் கிடந்தது. என் மனைவி அதை உள்ளங்கையில் வைத்துப் பல்புக்குக் கிட்டே பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கிடைக்கும் சுக்குக் காப்பிக்காகக் கூட்டம் நின்றது.

"அண்ணி, காப்பி..." என்றார் செயலாளர்.

"இது காலை ஊனட்டும்."

யாரும் நகரவில்லை. டிரம்காரன் டிரம்மைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். அவள் உதடு அசைந்தது. ஏதோ சொன்னாள், நாலு வார்த்தைகூட இருக்காது. குஞ்சு கண் திறந்தது, தள்ளாடியது, ஒரு காலை ஊன்றியது. மற்றவற்றோடு அதை விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுப்புப் பற்றவைக்கப் போனாள்.