கடிகாரம் பின்னால் போன வாரம்

வீட்டுக்குள் நுழைந்ததும் பெவர்லி முதலில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத்தான் தொடுவார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். வீட்டுக்காரர்களுக்கு வணக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்து கருவிப்பையிலிருந்து கட்டம்போட்ட துணிச்செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வார். சேறு அப்பிய பூட்ஸ் வாசல் மிதியடியைத் தாண்டாது.

வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருடமாக இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் வீடு வீடாகப் போய் ஹீட்டிங் பழுது பார்க்கிறார். பார்க்கிற எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். பாதிரியாரும் கண்ணு, வங்கி மேலாளரும் கண்ணு, என் நாயும் கண்ணு. ஊரையெல்லாம் சூடாக வைத்திருக்கும் இவர் வீட்டில் நவம்பர் பாதிவரை ஹீட்டிங் கிடையாது. கணவர் முனகினால், "இன்னொரு ஸ்வெட்டர் இருக்குல்ல, போட்டுக்கோ" என்பார்.

பழுது எங்கே என்று யார் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். நம்ப மாட்டார். "ஜனங்க சொல்றதக் கேக்கணும் கண்ணு. ஆனா மெஷின் செய்யறதத்தான் பாக்கணும்" என்பது அவர் கட்சி.

அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால நேரத்துக்காக எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறோம் அல்லவா, அதற்கடுத்த வாரம் பெவர்லியைப் பிடிப்பது கஷ்டம். இந்த வருடம் நான் கெஞ்சிக் கூத்தாடி வியாழக்கிழமை வரவழைத்தேன். எனக்காக இல்லை, பக்கத்து வீட்டு வில்ஃபுக்காக.

வில்ஃபுக்கு எண்பத்து நாலு வயது, தனி ஆள். அந்த வாரம் அவர் வீட்டு ஹீட்டிங் கண்ட நேரத்தில் ஓடி, விடியும்போது வீட்டை ஐஸ்கட்டியாக விட்டது. லீட்ஸிலிருந்து வந்த மகள் ஹேசல், அப்பா மேல்கோட்டோடு காலைக் கஞ்சி குடிப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். முதியோர் இல்லத்துப் படிவம் ஒன்று சமையலறை மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"அப்பாதான் ஹீட்டிங் டைமர நோண்டுறாரு. செவ்வாய்க்கிழமை சரியா வச்சுட்டுப் போனேன், நேத்து வந்து பாத்தா அஞ்சு மணி நேரம் பின்னால நிக்குது. இந்த வீட்ல வேற யாரு இருக்கா?" என்றார் ஹேசல்.

"நான் தொடல" என்றார் வில்ஃப். அன்று காலை அதை மூன்றாவது முறையாகச் சொன்னார். மூன்றாவது முறை குரலில் அவருக்கே நம்பிக்கை குறைந்திருந்தது. 

பெவர்லி டைமரின் பொத்தானை 'எப்போதும்' என்ற இடத்துக்குத் தள்ளினார். பாய்லர் உடனே உறுமியது. "பாய்லர் மேல தப்பில்ல. கரண்ட் போச்சா?" போகவில்லை. பென்சிலை எடுத்து டைமரின் வட்டத்தட்டில் ஒரு கோடு போட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிட்டார். எங்களையும் உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம் வில்ஃபின் தோட்டத்து லீக் வெங்காயத்தைப் பற்றித்தான் பேச்சு. ஹேசல் நாலு தடவை கைபேசியைப் பார்த்தார்.

கடைசியில் கோட்டைப் பார்த்தால், தட்டு முப்பத்தைந்து நிமிடத் தூரம்தான் நகர்ந்திருந்தது.

"யாராச்சும் தொட்டோமா? இல்லையே. அது பாட்டுக்குப் பின்தங்குது."

"அப்ப நான் எதையும் மறக்கல?" என்று கேட்டார் வில்ஃப்.

"இந்த விஷயத்துல மறக்கல கண்ணு."

மின்சாரத்தை அணைத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பற்சக்கரத்தில் மூன்று பற்கள் ஒடிந்து கிடந்தன. "இது தேஞ்சதில்ல. பின்பக்கமா முறுக்கி ஒடிச்சது. ஞாயித்துக்கிழமை மணி மாத்தினது யாரு?"

ஹேசல் குனிந்து ஒடிந்த பற்களைப் பார்த்தார். "நான்தான். அடுப்பு, கார், ஹால் கடிகாரம் எல்லாம் மாத்தினேன். இதையும். ஒரு மணி பின்னாலன்னா பின்னாலதானே திருப்பணும்? இறுக்கமா இருந்துச்சு, கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன்."

"இந்தச் சக்கரம் முன்னாலதான் சுத்தும் கண்ணு. ஒரு மணி பின்னால போகணும்னா இருபத்துமூணு மணி முன்னால சுத்தி வரணும். உங்கள மாதிரி இந்த வாரம் பதினோரு பேர்."

"முப்பது வருஷமா நான் அப்படித்தான் சுத்தினேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தோட்டத்துலேருந்து நான் வர்றதுக்குள்ள நீ எல்லாத்தையும் முடிச்சிட்ட" என்றார் வில்ஃப். அவர் கோபப்பட்டு அன்றுதான் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஹேசலின் முகம் சிவந்தது. "இந்த ஒண்ணு மட்டுமில்லப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்றார். அதுவும் பொய்யில்லை. படிவம் மேசையிலேயே இருந்தது.

பெவர்லி வண்டியிலிருந்து அதே மாதிரி புது டைமரைக் கொண்டுவந்து பொருத்தினார், மின்சாரத்தைப் போட்டார். பிறகு நேரம் வைக்காமல் எழுந்து வில்ஃபுக்கு இடம் விட்டார். நான் போட்டுக் கொடுத்த தேநீரோடு சுவரில் சாய்ந்துகொண்டார்.

வில்ஃபின் விரல்கள் வாதத்தில் கோணியவை. தட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஹீட்டிங் ஓடக் காலை ஆறரைக்குச் சிவப்பு முள், நிற்க எட்டுக்கு நீல முள், சரியாக வைத்தார். மாலைக்கும் வைத்தார். அடுத்து இப்போதைய நேரம். பதினொன்றரையில் நிறுத்த வேண்டிய தட்டு, விரல் வழுக்கிப் பதினொன்றே முக்காலுக்குப் போய்விட்டது. "அட" என்றார் வில்ஃப். ஒரு மூச்சு விட்டுவிட்டு, பன்னிரண்டு, ஒன்று என்று முன்னாலேயே மறுபடி முழுச்சுற்றைத் தொடங்கினார்.

கால் மணி நேரத்துக்காகவா இவ்வளவு என்று ஹேசலுக்குப் பொறுக்கவில்லை. தட்டை லேசாகப் பின்னால் தள்ளிவிட அவர் கை நீண்டது.

பெவர்லி அந்தக் கையில் தன் தேநீர்க் கோப்பையை வைத்தார். இன்னொரு கையில் பிஸ்கட் தட்டை வைத்தார்.