ரத்தப் பரிசோதனை முடிவோடு தஞ்சோங் காராங் வரை

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ரவாங்கிலிருந்து தஞ்சோங் காராங் போய் வந்தேன். அந்தப் பக்கம் நெல்வயல் பார்க்கப் போகும் பலர் வழி கேட்டு எழுதுகிறீர்கள். வழி, தூரம் எல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் அன்று நான் வயல் பார்க்கப் போகவில்லை. அண்ணனைத் தேடிப் போனேன்.

அண்ணன் பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். பதினைந்து வருடமாக அவருக்கு சொரியாசிஸ். முழங்கை, முதுகு, தலை எல்லாம் செதில் செதிலாக உரியும். இரண்டு வருடமாக விரல் மூட்டுகளும் வீங்க ஆரம்பித்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கவே சிரமப்பட்டார். மருத்துவர் புதுவகை ஊசி போடலாம் என்றார். அதற்கு முன் டிபி ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கட்டாயம். முடிவைத் தங்கச்சியிடமும் சொல்லலாம் என்று அண்ணனே எழுதிக் கொடுத்திருந்தார், ஏனென்றால் நான் வேலை செய்வதே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ரத்த முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தது. அதன்பிறகு அண்ணன் மருத்துவமனைக்கும் போகவில்லை, என் போனையும் எடுக்கவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன்.

காலை 7.10க்கு ரவாங்கில் கிளம்பினேன். பத்தாங் பெர்ஜுந்தாய் 32 கிலோமீட்டர், 45 நிமிடம். பெயர்ப்பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம். டவுனில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு இரண்டு பொட்டலம் வாங்கினேன், ஏழு வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து தோட்டம் 6 கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலை, மழை பெய்திருந்தால் சிறிய கார் திணறும்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் விடிகாலையிலேயே மோட்டார எடுத்துக்கிட்டுப் போயிடுச்சி லா. இப்பல்லாம் லீவு நாள்ல இங்க தங்குறதே இல்ல. தஞ்சோங் காராங் வாய்க்கால்ல மீன் பிடிக்குதாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் பேரப்புள்ளைய வாசல்ல பார்த்தாகூட எட்டிப் போயிடுது. நாங்க ஏதும் தப்பா பேசிட்டோமா தங்கச்சி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனக்கு டிபி என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார்.

தோட்டத்திலிருந்து தஞ்சோங் காராங்குக்கு, கோலா சிலாங்கூர் வழியாக, 44 கிலோமீட்டர். கோலா சிலாங்கூரில் பலர் மலைக்கும் குரங்குகளுக்கும் நிற்பார்கள். நான் நிற்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அப்பாவின் நினைவுதான்.

அப்பா டிபியில் இறந்தவர். கண்டுபிடிப்பதற்குள் நுரையீரல் பாதி போய்விட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. ஒட்டிக்கொள்ளும் என்று என்னை ரவாங்கில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்குப் பதினேழு, அவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது அப்பா இல்லை. அவர் முகம் எனக்குப் புகைப்படத்தில் இருக்கும் முகம்தான். குரல் சுத்தமாக நினைவில் இல்லை.

தஞ்சோங் காராங்கில் பிரதான வாய்க்காலை ஒட்டிய சாலையில், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனேன். செப்டம்பரில் பயிர் இளம்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு நிற்கும். ஒரு மலாய்க்காரர் கடையில், நீளக்கை சட்டை போட்ட இந்தியர் யாராவது மீன் பிடிக்க வந்தாரா என்று கேட்டேன். உடனே கையைக் காட்டினார், "மதகு கிட்ட. சனிக்கிழமை தவறாம வருவார். யாரோடும் பேச மாட்டார்."

அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நான்கடி பின்னால் போனார்.

"கிட்ட வராத கலா. எனக்கும் அப்பா சீக்கு வந்துடுச்சி."

"அந்தச் சீக்கு வரலண்ணே. உங்களுக்கு டிபி இல்ல. எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. உக்காருங்க, சொல்றேன்."

அன்று மதகுச் சுவரில் உட்கார்ந்து சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் யாருக்காவது உதவலாம். நம் ரத்தத்தில் உதவி டி செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பெரும்பாலும் தாமாகச் சண்டை போடுவதில்லை, மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுப்பதே அவற்றின் வேலை. அவற்றில் பல வகை. டிபி போல செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமிகளைக் கவனிப்பது முதல் வகை. குடல் புழுக்களைக் கவனிப்பது இரண்டாம் வகை, இது எல்லை மீறினால் ஆஸ்துமாவும் அலர்ஜியும் வரும். பதினேழு என்று எண் போட்ட வகை தோலையும் குடலையும் பூஞ்சையிலிருந்து காக்கும். அண்ணனின் உடம்பில் அடங்காமல் ஆடுவது இதுதான். இவை எல்லாவற்றையும் 'போதும்' என்று நிறுத்துவதற்கும் தனியாக ஒரு வகை இருக்கிறது.

"அப்ப பாசிட்டிவ்னு ஏன் சொன்னாங்க?"

"உங்க ரத்தத்துல டிபி கிருமியோட புரதத்தச் சேர்த்து ஒரு ராத்திரி வைப்பாங்க. முன்னாடி அந்தக் கிருமியப் பார்த்த செல்லு இருந்தா, அடையாளம் கண்டுபிடிச்சி ஒரு ரசாயனத்தச் சுரக்கும். கிருமி தூங்கிக்கிட்டு இருக்கலாம், உங்க செல்லு காவல் காக்குது. உங்களால யாருக்கும் ஒட்டாது. ஆனா புது ஊசி எதிர்ப்பு சக்தியில ஒரு பகுதிய அடக்கும். அதனால முதல்ல சில மாசத்து மாத்திரைய ஆரம்பிக்கணும், அப்புறம் ஊசி. அவ்வளவுதான்."

அண்ணன் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கேர்ந்து வந்திருக்கும்?"

"வேற எங்கயாவதுகூட ஒட்டியிருக்கலாம். ஆனா அப்பாகிட்டேர்ந்துதான் இருக்கணும். இருபத்தாறு வருஷமா உங்க ரத்தம் ஞாபகம் வச்சிருக்கு."

"நீ எடுத்துப் பார்த்தியா?"

"வேலைக்குச் சேரும்போதே எடுத்தாங்க. நெகட்டிவ்."

வேலைக்குச் சேர்ந்தபோது அந்த முடிவைப் பார்த்து நிம்மதியடைந்தேன். மதகில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னபோது அந்த நிம்மதி வரவில்லை. அப்பாவோடு மூச்சைப் பகிர்ந்துகொண்டவர் அண்ணன். என் ரத்தத்துக்கு அப்பாவைத் தெரியவே தெரியாது. ஒரு நோய்க்கிருமிக்காகப் பொறாமைப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பட்டேன். அதை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

"லூசா நீ? அந்த நெகட்டிவுக்காகத்தான் அப்பா உன்னை அனுப்பினாரு," என்றார் அண்ணன். "உன்னை ஏத்தின டாக்சி போனதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. அப்புறம் ஒரே பேச்சு. ரோட்டுல போற லோரிய கியர் மாத்துற சத்தத்த வச்சே யாரு ஓட்டுறான்னு சொல்வாரு. 'பாரு, கிளச்ச கொல்றான், முருகன்தான்'னு திட்டுவாரு. தப்பா சொன்னா ஒத்துக்கவே மாட்டாரு."

எனக்கு இது எதுவும் தெரியாது. என் புகைப்படத்து அப்பா யாரையும் திட்டியதில்லை.

அன்று மீன் எதுவும் சிக்கவில்லை. ஆறிப்போன நாசி லெமாக்கை மதகிலேயே சாப்பிட்டோம். திங்கட்கிழமை லீவு போட்டு அண்ணனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து முதல் ஊசி போட்டார்கள். இப்போது முதுகு சுத்தமாகிவிட்டது. முழங்கையில் மட்டும் கொஞ்சம் மிச்சம். விரல் மடங்குகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்தம் போக வர சுமார் 160 கிலோமீட்டர், பெட்ரோல் 30 வெள்ளி. வயலோரம் நிழல் கிடையாது, பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். வாய்க்கால் சாலை குறுகல், லோரி வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால், 'நோய் வந்துவிட்டது' என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் நேரில் கேளுங்கள்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை அண்ணனும் நானும் அந்தப் பக்கம் போகிறோம், போன மாதம் சுங்கை பெசார் வரை. கார் ஓட்டிக்கொண்டே அவர் சொல்வார், நான் கேட்பேன். அப்பா படுக்கையில் கிடந்தது ஆறு மாதம். கதை இப்போதுதான் இரண்டாம் மாதத்துக்கு வந்திருக்கிறது. அண்ணன் கொஞ்சம் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தால், எங்காவது நிறுத்தி தே தாரிக் டீ குடிக்கலாம் என்கிறேன்.