மூன்றாவது நோன்பு

வெட்கத்தினால் மட்டும் எழுந்து நிற்கிற ஒருத்தியை முயற்சி உள்ளவள் என்று சொல்லலாமா? ஒரு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. விடியமுன் சுபஹ் தொழுதுவிட்டுப் புத்தகத்தை விரிக்கும்போது வருகிறது. குசினியில் மகளுக்கு முட்டை அவிக்கும்போது வருகிறது. பதில் மட்டும் வரவில்லை.

நானும் உம்மாவும் ஒரே வீட்டில் இருக்கிறோம், கல்முனைக்குப் பக்கத்தில். எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை எனக்குச் சீதனமாக எழுதிவிட்டு, உம்மா பின் அறைக்குப் போய்விட்டார். வாப்பா மௌத்தாகி நாளாயிற்று. கணவர் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். மகளுக்கு மூன்றரை வயது. உயர்தரப் பரீட்சையில் கொஞ்சப் புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறிப்போனவள் நான். வெளிவாரியாகப் பட்டம் படிக்கப் பதிந்தேன். பிறகு கலியாணம், பிள்ளை, அவருடைய பயணம். கடைசியில் மூன்று பாடங்கள் எழுதாமல் மிச்சமாக நின்றன.

அந்த நாட்களில் எனக்கு என்ன நடந்தது என்று இன்றும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை. புத்தகத்தைத் திறப்பேன். ஒரே பந்தியை நான்கு தடவை வாசிப்பேன். பிறகு மகளின் உடுப்பை மடிக்கப் போய்விடுவேன், மடித்ததையே உதறி மறுபடியும் மடிப்பேன். கணவர் கைபேசிக்கு வீடியோக்கள் அனுப்புவார். கோட் போட்ட ஒருவர் மேடையில் அங்குமிங்கும் நடந்தபடி, உன்னால் முடியும், உன்னால் முடியும் என்பார்.

“பாத்தியா?” என்று கணவர் கேட்பார்.

“பாத்தன்.”

“எப்பிடி இரிக்கி?”

“நல்லாத்தான் கத்துறார்.”

அவர் சிரிப்பார். நானும் சிரித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைப்பேன்.

பரீட்சைக்கு ஒரு கிழமைக்கு முன் உம்மா என்னைக் கூப்பிட்டார். “மகள், நான் நேர்ச்சை வெச்சிரிக்கன். மூணு பேப்பரையும் நீ எழுதி முடிச்சா மூணு நோன்பு. ஒரு பேப்பருக்கு ஒரு நோன்பு.”

உம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையும் மாலையும் குளிசை. “வேணாம் உம்மா” என்றேன். உம்மா கையை விசுக்கினார்.

இரண்டு பாடங்களை எழுதினேன். நன்றாக எழுதினேன் என்று சொல்ல முடியாது, ஆனால் எழுதினேன். மூன்றாவது நாள் காலையில் ஒலுவிலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பரீட்சை மண்டபம் ஒரு பக்கம், கடல் மறுபக்கம். என் கால்கள் கடல் பக்கம் போயின. கால்கள் போயின என்று எழுதுவதுகூட ஒரு தப்பித்தல்தான். நான்தான் போனேன்.

அங்கே கரையைக் கடல் தின்றுகொண்டிருந்தது. வேர் வெளியே தெரிந்த ஒரு தென்னைக்குக் கீழே உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு, இப்போது வினாத்தாள் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அரை மணித்தியாலம் போனதும், இனி உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. பையில் மகளுடைய பிஸ்கட் கிடந்தது, எடுத்துத் தின்றேன். விழுந்த ஓலை பொறுக்க வந்த ஒரு பெண் என்னைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்: “ஆரப் பாத்துக்கிட்டு இரிக்காய் புள்ள?”

“ஒருத்தரையும் இல்ல.”

பன்னிரண்டு மணிக்கு, பரீட்சை முடிகிற நேரம் பார்த்து, சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

உம்மா வாசல் கடப்பில் நின்றார். அடுத்த வீட்டு மாமியும் நின்றார். “பட்டதாரி வாறா, கதிரையக் குடுங்க!” என்றார் மாமி.

“எழுதினியா மகள்?” என்றார் உம்மா.

“ஓம்.”

“கஷ்டமா?”

“இல்ல உம்மா, லேசு.”

ஓம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். லேசு என்று ஏன் சொன்னேன்?

அடுத்த திங்களும் வியாழனும் உம்மா நோன்பு பிடித்தார். அந்த இரண்டும் எழுதிய இரண்டு பாடங்களுக்கு என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். மூன்றாவது நோன்புக்கு முந்தின நாள், “இது போதும் உம்மா, உடம்பு தாங்காது” என்றேன்.

“உன்ட பரீட்சைய நீ எழுதின. என்ட நோன்ப நான் புடிக்க விடு.”

அந்தத் திங்கட்கிழமை நல்ல வெயில். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா கிணற்றடியில் அப்படியே குந்திவிட்டார். கை நடுங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. சத்தம் கேட்டு மாமியும் ஓடி வந்தார். இருவருமாகத் தாங்கிப் பிடித்துச் சுவரோடு சாய்த்தோம். நான் சீனித் தண்ணி கரைத்துக் கிளாஸை வாயருகே கொண்டுபோனேன்.

“குடிங்க உம்மா. வருத்தக்காரருக்கு நோன்பு முறிக்கலாம்.”

“இன்னும் ஒரு மணித்தியாலந்தான்.”

“உம்மா!”

“நேர்ச்சை மகள். மறுமையில கேள்வி இரிக்கி. நீ எழுதி முடிச்சிட்டாய், நான் முடிக்காட்டி எப்பிடி?”

ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ‘மூன்றாவது பாடத்தை நான் எழுதவில்லை, இந்த நோன்பு உங்கள்மேல் கடமை இல்லை.’ உம்மா குடித்திருப்பார். அந்த வசனம் வாய்வரை வந்தது. பக்கத்தில் மாமி நின்றார். மாமி கேட்டுவிடுவாரே, நாளைக்குத் தெருவெல்லாம் கதைப்பார்களே என்று நினைத்தேன். உம்மாவின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்தது அதைத்தான். கிளாஸைப் பிடித்தபடி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தபடி, பாங்குக்காகக் காத்திருந்தேன்.

பாங்கு சொன்னதும் உம்மா ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்சம் தெளிந்ததும் என் தலையில் கையை வைத்துத் துஆக் கேட்டார். அந்தக் கையின் பாரம் இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் சுபஹோடு எழுந்து புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பந்தியை ஒரே தடவையில் வாசித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மகள் எழும்பும்வரை படிக்கிறேன். பெறுபேறு வந்தபோது, “ஒரு பாடம் சறுக்கிட்டு உம்மா” என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். “சறுக்கினா என்ன? எழுதினதானே. நோன்பு வீண் போகல்ல” என்றார். கணவரோ தன்னுடைய வீடியோக்கள் வேலை செய்துவிட்டன என்று நம்புகிறார். இப்போது கோட் போட்டவரை எனக்குக் கிழமைக்கு மூன்று தடவை அனுப்புகிறார்.

அந்தப் பாடத்தை இந்த வருடம் எழுதப்போகிறேன். போன கிழமை மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த உம்மா சொன்னார்: “அனுமதி அட்டை வரட்டும், இந்தமுறையும் நேர்ச்சை வெக்கிறன். பாஸ் பண்ணினா ஆறு நோன்பு.” இதற்கிடையில் டொக்டர் குளிசையைக் கூட்டியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், ஒரு பொய்க்காக நோன்பு பிடித்துவிட்டோமே என்று பயந்தாவது உம்மா இந்த நேர்ச்சையை விட்டுவிடுவார். சொல்லவேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மாமிக்குப் பயந்து நான் இப்போது மௌனமாக இருக்கவில்லை. இந்த ஒரு வருடமும் என்னை எழுப்பியது அந்தக் கிளாஸ்தான். சோம்பல் வரும்போதெல்லாம் உம்மாவின் வெளுத்த உதட்டை வேண்டுமென்றே நினைத்துக்கொள்வேன், உடனே பேனையைப் பிடிப்பேன். அண்மையில் அதுவும் பழசாகிக்கொண்டு வருகிறது. சில காலைகளில் இரண்டு தடவை நினைக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்லிவிட்டால், உம்மா ஒரு நாள் கதைக்காமல் இருப்பார், மறுநாள் மன்னித்துவிடுவார். எனக்கு அவரைத் தெரியும். அதன் பிறகு என்னை எழுப்ப என்ன மிஞ்சும்? மறுபடியும் மடித்த உடுப்பை உதறி மடிக்கப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெற்றவளின் உடம்பையும் ஒரு பாடத்தையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன் என்பது எழுதும்போதே தெரிகிறது. அதற்கும் வெட்கமாக இருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் பிள்ளையை வைத்துக்கொண்டு படித்தவர்கள் இருப்பீர்கள். பொய்யொன்றைச் சொல்லிப் பிறகு திருத்தியவர்களும் இருப்பீர்கள். உம்மாவிடம் நான் எப்படித் தொடங்க வேண்டும், எந்த வசனத்தை முதலில் சொல்ல வேண்டும்? வெட்கம் தீர்ந்துபோன பிறகும் காலையில் எழுந்து புத்தகத்தைத் திறக்க நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டீர்கள்? தெரிந்தால் சொல்லுங்கள். தபால்காரரின் மணி கேட்கும்போதெல்லாம் உம்மாவுக்கு முன்னால் கடப்புக்கு ஓடுகிறேன். அனுமதி அட்டை இன்னும் வரவில்லை.