மொட்டைக் கழுத்துக் குஞ்சு

ஓசூரில் என் மகன் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கம்பெனி வேலை. போன மாதம் கம்பெனியில் அவர்களை உட்கார வைத்துத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்தார்களாம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டுமாம். அவளும் சொல்லிப் பார்த்தாளாம். அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டதாம்.

"ஆச்சி, தண்ணி வரலன்னா நீங்க கவுன்சிலரையே நிறுத்தி வச்சுக் கேக்கிய. ஒங்களுக்கு யாரு இந்தத் தைரியம் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

"ஒரு கோழி" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கேலி இல்லை.

நான் பிறந்தது பாரூர் ஏரிக்குக் கீழே, கால்வாயை ஒட்டிய ஊர். எனக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். எதை எடுப்பதானாலும் அந்தக் கைதான் முன்னால் வரும். எங்கள் வீட்டில் அப்பாவின் அண்ணி, என் பெரியம்மா, வைத்ததுதான் சட்டம். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பீச்சாங்கைக்காரி என்றுதான் கூப்பிடுவாள். விதை நெல்லை நான் தொடக் கூடாது. பந்தியில் பரிமாறக் கூடாது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுபோனால் பாதி வழியில் சொம்பைப் பிடுங்கிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் நானே கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொள்ளப் பழகினேன். யாராவது எதையாவது நீட்டினால், "நான் கீழ போட்டுடுவன்" என்று முதலில் சொல்லிவிடுவேன். பிறகு சொன்னபடியே போட்டும்விடுவேன்.

கோழியை அடையில் உட்கார வைப்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியம் இல்லை. கைராசி உள்ளவள்தான் முட்டை வைக்க வேண்டும். கூடையில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாக முட்டையை வைக்க வேண்டும். பெரியம்மாவின் கைக்கு அந்த ராசி இருந்தது. ஊரில் பாதி வீட்டுக் கோழிகளுக்கு அவள்தான் வைப்பாள்.

அந்தக் கோடையில் எங்கள் கருப்புக் கோழி அடைக்கு நின்ற அன்று, கஞ்சி வடிக்கும்போது பெரியம்மாவின் கை வெந்துபோயிருந்தது. அம்மாவும் மற்றவர்களும் நாகரசம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும், சித்தப்பாவும், துணி சுற்றிய கையோடு பெரியம்மாவும் மட்டும்தான்.

"நீ வைடி. சோத்துக் கையால வை" என்றாள்.

வலது கையால் எடுத்த முதல் முட்டை நழுவி உடைந்தது. நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அடி விழும் என்று நின்றேன்.

"அழுவாத. அந்த சனியம் புடிச்ச கையாலயே வையி, போ."

இடது கையால் வைத்தேன். ஒன்றும் உடையவில்லை.

வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற சித்தப்பா சும்மா இருக்கவில்லை. "அண்ணி, கோழியப் பாவம் இன்னாத்துக்கு உக்கார வெக்கிற? இன்னிக்கே முட்டையப் பொரிச்சுக் குடு, நான் துன்றன். இவ வெச்ச முட்டை எல்லாம் குஞ்சு பொரிச்சா, என் மீசைய எடுத்துடறன்" என்றான்.

ஊருக்கே சொல்லிவிட்டான். பள்ளிக்கூடம் போகும் வழியில் எல்லோரும், "இன்னாடி, குஞ்சு வந்துச்சா, மீசை போச்சா?" என்று கேட்டார்கள். முட்டை கெட்டால் என் கையைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் உறுதியாகிவிடும், அதற்கப்புறம் அந்தக் கை எனக்கு எதற்கும் ஆகாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் கோடை மழை வந்தது. மாமரமெல்லாம் காயை உதிர்க்கும்படி இடித்தது. நான் கோழிக் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது பெரியம்மா பின்கட்டில் குண்டான் முன்னால் குந்தியிருந்தாள். குண்டானில் வெந்நீர். வெந்நீரில் என் முட்டைகள். வேகவைக்கிறாள் என்று நான் வீறிட்டேன்.

"கத்தாதடி. குளிப்பாட்டறன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அன்றைக்கே அவள் முந்தானையால் மூடிய ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த தெலுங்குக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர்கள் வீட்டிலும் அதே வாரத்தில் கோழி அடைக்கு வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அக்காவிடம் என் கையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கூடைக்குள் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் எல்லா முட்டையும் பொரித்துவிட்டது, ஒன்று பாக்கியில்லை. கருப்பும் சாம்பலுமாகக் குஞ்சுகள். நடுவில் ஒன்று மட்டும் கழுத்தில் ஒரு மயிர்கூட இல்லாமல் மொட்டையாக நின்றது. எங்கள் வீட்டில் அப்படிக் கோழியும் கிடையாது, சேவலும் கிடையாது.

சித்தப்பா அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எங்கிருந்து வந்துச்சு?"

"அவ கை அப்படி" என்றாள் பெரியம்மா. "நீ போய் மீசைய எடு. கத்தி இல்லன்னா சொல்லு, அருவாமணை கீது."

சித்தப்பா தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனவன், பேச்சு அடங்கும்வரை வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

என்னை முதலில் முட்டை வைக்கக் கூப்பிட்டது அந்தத் தெலுங்கு வீட்டு அக்காதான். அந்த வருஷம் அவளுக்கு நாலைந்து குஞ்சுதான் தேறியது. "மா இன்டிகி ராவே, பங்காரு செய்யி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வாடி, தங்கக் கை என்று அர்த்தம். ஏன் அப்படி அடக்க முடியாமல் சிரிக்கிறாள் என்று புரியவில்லை. தெலுங்கில் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டுதான் கூப்பிடுவார்கள் போலும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு ஊரில் எல்லா வீட்டுக்கும் போனேன். சில வீட்டில் நன்றாகப் பொரித்தது, சில வீட்டில் பாதி கெட்டது. கெட்டால் இடியைச் சொன்னார்கள், கோழியைச் சொன்னார்கள், கீரிப்பிள்ளையைச் சொன்னார்கள். என் கையை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கை பாவாடையை விட்டு வெளியே வந்தது. பந்தியில் பரிமாறினேன். பிற்பாடு மாங்காய் ஏவாரி எடையில் தில்லுமுல்லு செய்தபோது தராசைப் பிடித்து நிறுத்தியதும் அந்தக் கைதான். பெரியம்மா மட்டும் சாகும்வரை என்னைப் பீச்சாங்கைக்காரி என்றே கூப்பிட்டாள். ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

எனக்கே மருமகள் வந்த பிறகு, ஒரு நாள் அடைமுட்டைகளை வெந்நீரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே குஞ்சு உயிரோடிருந்தால் முட்டை தண்ணீரில் தானாக ஆடும். செத்திருந்தால் ஆடாது. இது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான், எனக்கும் வெகுகாலமாகத் தெரியும். ஆடாத முட்டைகளைப் பொறுக்கி முறத்தில் வைத்தபோதுதான் கை அப்படியே நின்றது. பெரியம்மா அன்றைக்கு வைத்திருந்ததும் ஒரு முறம்.

கேட்க அவள் இல்லை. இருந்திருந்தாலும் வேலையைப் பாருடி என்றிருப்பாள்.

அந்தக் காலத்தில் தெலுங்கு வீட்டுக் கூரைமேல் ஒரு சேவல் உண்டு. நான் பள்ளிக்குப் போகிற நேரத்தில் சரியாக ஏறி நின்று கூவும். கழுத்தில் ஓர் இறகு கிடையாது, சிவப்பாக மொட்டைக் கழுத்து. குஞ்சு பொரித்த பிறகு நான் தினமும் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, இடது கையை வீசி வீசி அதன் கீழேதான் நடந்துபோனேன்.