கப்பல்துறைக் காணியும் என் சேமலாப நிதியும்

துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் கோப்புப் பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற கையோடு சேமலாப நிதி வந்தது. கல்யாணம் கட்டவில்லை, இருப்பது வாடகை வீடு. அந்தக் காசும் போனால் என் கடைசிக் காலத்துக்கு வேறு எதுவுமில்லை. அதனால், அக்காவின் புருசன், "வீடு கட்டுற கம்பனி ஒண்டு இருக்கு, கண்ணை மூடிக்கொண்டு போடு" என்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அத்தான் சொல்லட்டும், நான் பார்க்காமல் ஒரு சதமும் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அத்தான் தன் பணிக்கொடையில் அந்தக் கம்பனியின் பங்குகளை ஏற்கனவே வாங்கியிருந்தார். எனக்கு இரண்டு வழி இருந்தது. பங்கு வாங்கினால் நானும் கம்பனிக்கு ஒரு சொந்தக்காரி. லாபம் வராவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும். கடன்பத்திரம் வாங்கினால் நான் கம்பனிக்குக் கடன் கொடுத்தவள். வருடா வருடம் வட்டி வரும், தவணை முடிந்ததும் போட்ட காசு திரும்பி வரும். கம்பனி விழுந்தாலும் பங்குக்காரருக்கு முன்னால் எனக்குத்தான் தரவேண்டும் என்று அத்தானும் சொல்லியிருந்தார்.

இரண்டு வருட ஆண்டறிக்கையை எடுத்து, அடிமட்டம் வைத்து வரிவரியாக ஒரு கிழமை வாசித்தேன். பங்குதாரர் பட்டியலில் முதலாளியின் பங்கு முந்திய வருடத்தைவிடப் பாதியாகியிருந்தது. எங்களை வாங்கச் சொல்லிவிட்டு இந்த மனுசன் ஏன் விற்கிறார்? பங்கு வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். கடன்பத்திரம் மட்டும் மிச்சம்.

கம்பனி வீடுகள் கட்டுகிற கப்பல்துறைக்குப் பஸ் ஏறிப் போனேன். சுவர்கள் நேராக எழும்பியிருந்தன. வேலையை மேற்பார்த்த, கிண்ணியாவிலிருந்து வந்த மேசனிடம் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, ஒரு கிழமையும் பிந்தினதில்ல."

"காணி ஆரின்ட?"

"முதலாளிட பொஞ்சாதிக்குச் சீதனமாக் குடுத்த காணி."

தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண்ணின் பெயரில்தான் எழுதுவார்கள். அதை யாரும் அதிசயமாகக் கேட்பதில்லை. பணிப்பாளரான முதலாளியின் துணைவியாரிடமிருந்து காணி குத்தகைக்கு எடுக்கப்பட்டது என்று அறிக்கையிலும் இருந்தது. மூன்று தரம் வாசித்தும் மூன்று தரமும் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்த நாள் காலை கடன்பத்திர விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு பாலையூற்றில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார். கடன் கட்டமுடியாமல் பக்கத்து வீட்டுக்காரர் தன் வான் வண்டியைப் பறிகொடுத்த கதையை அத்தான் சொன்னார்.

"எனக்கு அந்தப் பயமில்லை. இந்த வீடு உன்ர அக்காட பேரில. நான் எவ்வளவு கடன்பட்டாலும் ஒருத்தனாலயும் தொட ஏலாது."

கையெழுத்துப் போட எடுத்த பேனையை மேசையில் வைத்தேன்.

"அப்ப கப்பல்துறைக் காணியை மட்டும் ஆரால தொட ஏலும், அத்தான்?"

"இதென்ன கதை?"

"கம்பனி விழுந்தா எனக்குத்தான் முதல்ல தருவினம் எண்டீங்கள். எதை வித்துத் தருவினம்? காணி முதலாளியின்ர மனுசிட பேரில."

"வீடுகள் கம்பனியின்ரதானே."

"அத்திவாரத்தோட பேர்த்து நான் வீட்டுக்குக் கொண்டு வாறதோ?"

விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் பெரிது. வழக்கம்தானே என்று தலையாட்டி, என் முழுக் காசையும் கொண்டுபோய்க் கொட்டப் பார்த்தேன்.

அத்தான் குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் பங்கு வாங்கினது அக்காவுக்குத் தெரியாது. நீ ஒண்டும் சொல்லிப்போடாதை."

அந்தப் பணிக்கொடை அவளுக்கும் சேர்த்துத்தானே?

"இண்டைக்கே வித்துப்போட்டு, வாற நட்டத்தை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ. மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

அக்கா தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எவ்வளவு போட்டனீங்கள்?"

அத்தான் நிலத்தைப் பார்த்தார்.

"முழுக்க" என்றார்.